வெட்டத் தெரிந்த வீட்டில் வதந்தி நிற்காது! புழல் சாலையில் ஒரு தர்பூசணிக் காலம்

சென்னையின் வடக்கு வாசல் எது என்று கேட்டால், லாரி ஓட்டுபவர்கள் யோசிக்காமல் புழல் என்பார்கள். கொல்கத்தா நெடுஞ்சாலை நகரத்தைவிட்டு வெளியேறும் இடம் இது. தெற்கே பெருங்களத்தூரில் தொடங்கி, மதுரவாயல், அம்பத்தூர் வழியாக 32 கிலோமீட்டர் சுற்றி வரும் சென்னை புறவழிச்சாலையும் இங்கேதான் வந்து முடிகிறது. அதனால் திண்டிவனம் பக்கத்துச் சரக்கும் நெல்லூர் பக்கத்துச் சரக்கும் ஒரே சந்திப்பில் எதிரெதிராக நிற்கும். பக்கத்தில் செங்குன்றத்து நெல், அரிசி மண்டிகள். அந்தப் பக்கம் மாதவரத்துக் கிடங்குகள், பால்பண்ணை. 2006-ல் இங்கே வந்த மத்திய சிறையால் இந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. ஆனால், ஊர் அதைவிட மிகப் பழையது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குப் புழல் கோட்டம் என்றே பெயர்.

மாசி பிறந்துவிட்டால் இந்தச் சாலையோரத்தின் நிறம் மாறும். வைக்கோல் பரப்பி, அதன்மேல் தர்பூசணி குவித்து, நாலு மூங்கில் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினால் கடை தயார். முன்னால் ஒரு பழம் பிளந்து வைக்கப்பட்டிருக்கும். வெயிலில் வரும் இருசக்கர வாகனங்களை நிறுத்துவது அந்தச் சிவப்புத்தான்.

நகரத்துக்கு வந்து சேரும் தண்ணீர்

புழல் என்றால் ஏரி. 1870-களில் சென்னைக்குக் குடிநீர் கொடுப்பதற்காகப் பெரிதாக்கப்பட்ட ஏரி இது. இன்று அதன் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. பூண்டியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் கால்வாயில் தண்ணீர் வரும். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் பூண்டி வழியாக இங்கே வந்து சேரும். இங்கிருக்கும் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. 2019 ஜூனில் இந்த ஏரி ஏறத்தாழ வற்றி, வெடித்த சேறு தெரிந்தபோது, நகரம் முழுக்கக் காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது.

அதே சாலையில் இன்னொரு வகைத் தண்ணீரும் நகரத்துக்குள் போகிறது. தர்பூசணியில் நூற்றுக்கு 91, 92 பங்கு தண்ணீர்தான். 10 டன் பழம் ஏற்றிய லாரி என்றால், அதில் 9 டன்னுக்கு மேல் தண்ணீர். செய்யூரிலோ மரக்காணத்திலோ ஒரு விவசாயி தன் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடிக்கு விட்டு, அதைச் சர்க்கரையும் நிறமும் சேர்த்துப் பழமாக அனுப்புகிறார். இப்படிப் பார்த்தால், சாலையோரம் பாதி தின்று வீசப்படும் ஒவ்வொரு பழமும் எங்கோ ஒரு கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர்.

ஒரு குவியல், நான்கு பெயர்

புழலில் ஒரே பழக்குவியலை நான்கு பெயர் சொல்லிக் கேட்கலாம். சென்னைக்காரர்களுக்குத் தர்பூசணி. மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் கோசாப்பழம். ஆந்திர ஓட்டுநர்களுக்குப் புச்சகாய. புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அவர்கள் மண்ணில் இதற்குப் பெயர் வத்தகப்பழம். பெயர் எதுவானாலும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இனிக்குமா?”

விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் திண்டிவனம், மரக்காணம், செய்யூர், மதுராந்தகம் பகுதிகள் இந்தப் பயிருக்குப் பேர்போனவை. டிசம்பர் கடைசி, ஜனவரியில் விதை ஊன்றினால் மார்ச்சில் பழம் வெட்டலாம். கலப்பின ரகங்கள் 60 முதல் 75 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். பெரும்பகுதி கோயம்பேடு சந்தைக்குப் போகும். மீதி புறவழிச்சாலை வழியாக அம்பத்தூர், புழல், செங்குன்றம் என்று இறங்கும். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டபோது, பழச்சந்தை புழலுக்கு அடுத்த மாதவரம் பேருந்து நிலையத்துக்கு மாறியது. ஆந்திரப் பேருந்துகளுக்காக 2018-ல் திறந்த நிலையத்தில் அந்தக் கோடையில் பழ வண்டிகள் நின்றன.

இரண்டரை மாத உழைப்பு. அது முழுவதற்கும் விலை கிடைப்பது ஆறேழு வாரங்களுக்குள்தான். தேங்காய்போல வைத்து விற்கவோ, நெல்போல மூட்டை கட்டி அடுக்கவோ முடியாது. அந்தச் சில வாரங்களில் வாங்குபவர் மனத்தில் ஒரு சந்தேகம் விழுந்தால், விவசாயிக்கு அந்த வருடம் போய்விட்டது.

2025-ல் நடந்தது என்ன?

அந்தச் சந்தேகம் 2025 மார்ச் கடைசியில் விழுந்தது. தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், பஞ்சால் துடைத்துப் பாருங்கள், சிவப்பு ஒட்டினால் வாங்காதீர்கள் என்ற எச்சரிக்கை சென்னையில் காணொளியாகப் பரவியது. அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும்போது, “எல்லாப் பழத்திலும் ஊசி போடுகிறார்கள்” என்று வளர்ந்துவிட்டது. நல்ல வெயில் காலத்தில் விற்பனை சரிந்தது. வியாபாரிகள் வயலுக்கு வரவில்லை. வெட்டுக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பலர் பழத்தைக் கொடியிலேயே விட்டார்கள். விவசாயச் சங்கங்கள் இழப்பீடு கேட்டன. தோட்டக்கலைத் துறை அதிகாரிகள் வயல்களுக்குப் போய்ப் பார்த்து, அப்படிக் கலப்படம் இல்லை, பயப்படாமல் சாப்பிடலாம் என்று விளக்கம் கொடுத்தார்கள். விளக்கம் வந்து சேர்வதற்குள் பருவத்தின் நல்ல நாள்கள் கடந்துவிட்டன.

நகரத்தில் பலர் இந்தப் பழத்தைத் துண்டாகத்தான் பார்க்கிறார்கள். வெட்டியது யார், எந்தக் கத்தி, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எதுவும் தெரியாமல் பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். முழுப் பழத்தை வீட்டில் வெட்டிப் பழகாதவர்களிடம் எந்த வதந்தியும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பத்துப் பழம் வெட்டியவருக்கு, பழத்தின் சிவப்பு எது, சாயத்தின் சிவப்பு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஞ்சில் சிவப்பு ஒட்டினால் சாயமா?

தர்பூசணியின் சிவப்புக்குக் காரணம் லைகோபீன் என்ற நிறமி. தக்காளிக்கும் அதே நிறமிதான். லைகோபீன் தண்ணீரில் கரையாது. சதைக்குள் நுண்ணிய துகள்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய முகத்தில் பஞ்சை வைத்து அழுத்தினால், சாறோடு கொஞ்சம் சதைத் துகளும் வரும். பஞ்சு லேசாக இளஞ்சிவப்பாகும். அது இயல்பு. எரித்ரோசின் போன்ற செயற்கைச் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. அது இருந்தால் பஞ்சு அடர்ந்த நிறத்தில் நனையும்.

இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. இரண்டு துண்டைப் பிழிந்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். நல்ல பழத்தின் சாறு பிரிந்துவிடும். சிவப்புச் சதைத் துகள் ஒரு பக்கம் சேர, மீதி நீர் வெளிறித் தெரியும். சாயம் கரைந்த நீர் அப்படிப் பிரியாது, ஒரே நிறத்தில் நிற்கும். இவை வீட்டுச் சோதனைகள்தான். உண்மையாகவே சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம்தான் முடிவு சொல்ல முடியும்.

ஊசி விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து கிலோ பழத்தின் சதை கெட்டியானது. ஓர் இடத்தில் செலுத்திய திரவம் பழம் முழுக்கச் சீராகப் பரவாது. துளை விழுந்த இடத்தில் காற்றும் கிருமியும் புகுந்து, அந்த வெயிலில் பழம் சீக்கிரமே அழுக ஆரம்பிக்கும். ஆகவே வாங்கும்போது தோலில் துளை, வெடிப்பு, ஈரக்கசிவு, மெத்தென்று அமுங்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அப்படியொன்று இருந்தால் காரணம் எதுவானாலும் அந்தப் பழம் வேண்டாம்.

குவியலில் எதை எடுப்பது?

தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம்போலக் கல் வைத்தோ, புகை போட்டோ இனிப்பைக் கூட்ட முடியாது. கொடியில் சேர்ந்த சர்க்கரை எவ்வளவோ, அவ்வளவுதான். அதனால் முற்றிய பழத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பழத்தைத் திருப்பி அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். தரையில் பட்டுக் கிடந்த இடத்தில் ஒரு திட்டு இருக்கும். அது வெண்ணெய் நிறத்திலோ மஞ்சளாகவோ இருந்தால் பழம் முற்றியது. வெள்ளையாகவோ வெளிர்ப்பச்சையாகவோ இருந்தால் அவசரமாகப் பறித்தது. அடுத்து எடை. ஒரே அளவுள்ள இரண்டு பழத்தில் கனமானதை எடுக்கலாம். மூன்றாவது சத்தம். விரலால் தட்டினால் ‘டங்’ என்று உலோகம்போல ஒலித்தால் பிஞ்சு. ‘தொப்’ என்று அடங்கி ஒலித்தால் முற்றல். வயலில் பறிப்பவர்களுக்கு நான்காவது அடையாளம் ஒன்றும் உண்டு. பழக்காம்புக்குப் பக்கத்திலிருக்கும் பற்றுக்கம்பி காய்ந்து சுருண்டிருக்கும்.

கத்தி வைக்கும் முன்

வீட்டுக்கு வந்த பழத்தை அப்படியே பிளப்பதுதான் பலருடைய வழக்கம். வயல் மண், லாரி வைக்கோல், சாலைப் புழுதி, பல கைகள் என்று எல்லாம் பட்டு வந்த தோல் அது. கத்தி தோலைக் கிழித்து உள்ளே இறங்கும்போது, தோலில் இருந்ததைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எலுமிச்சை, திராட்சையில் இருக்கும் புளிப்பு கிருமியை ஓரளவு தடுக்கும். தர்பூசணியில் அந்தப் புளிப்பு மிகக் குறைவு. தண்ணீரும் சர்க்கரையும் நிறைந்த சதை, கிருமி பெருக நல்ல இடம். 2018-ல் அமெரிக்காவில் வெட்டிப் பெட்டியில் அடைத்து விற்ற முலாம்பழ, தர்பூசணித் துண்டுகள் மூலம் சால்மோனெல்லா பரவி 70-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். குளிர்சாதனக் கடைகளிலேயே அந்த நிலை என்றால், புழுதிச் சாலையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

எனவே ஓடும் தண்ணீரில் பழத்தை வைத்து, தேங்காய் நாரால் சுற்றிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு தேவையில்லை. காம்புப் பள்ளத்தில் மண் தங்கியிருக்கும். அங்கே கூடுதலாகத் தேய்த்துவிட்டு, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். கை, கத்தி, பலகை மூன்றையும் கழுவிக்கொள்ள வேண்டும். மீன், கறி நறுக்கிய பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இதற்கு எடுக்கக் கூடாது. காசிமேட்டு மீன் வாரத்துக்கு இரண்டு நாளாவது வந்துவிடும் வடசென்னை வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

வழுக்காமல், வீணாக்காமல் வெட்டுவது எப்படி?

அரிவாள்மனையில் முழுப் பழத்தைத் தள்ளுவது ஆபத்து. பழம் உருளும், கை வழுக்கும். நீளமான, கூர்மையான கத்திதான் சரி. மழுங்கிய கத்தியில் அழுத்தம் கூடி, அதுவே விபத்தாகும்.

பலகைக்கு அடியில் மடித்த ஈரத்துணி ஒன்றைப் போட்டால் பலகை நகராது. பழத்தின் காம்புப் பக்கமும் அடிப்பக்கமும் ஒரு விரற்கடை சீவிவிட்டால், பழம் உருளாமல் நிமிர்ந்து நிற்கும். இப்போது மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் நெடுக்காக மீண்டும் இரண்டாக்க வேண்டும். நான்கு கால் துண்டுகள் கிடைக்கும்.

கால் துண்டின் வெட்டு முகத்தைப் பார்த்தால், விதைகள் கண்டபடி இறைந்து கிடப்பதில்லை என்பது தெரியும். நடுச்சதைக்கும் தோலுக்கும் இடையில் வரிசை பிடித்து நிற்கும். அந்த வரிசையின் மேலேயே கத்தியை ஓட்டினால், விதையில்லாத நடுச்சதை தனியாகக் கையில் வந்துவிடும். வெளியே தெரியும் விதைகளைக் கரண்டி முனையால் வழித்துவிடலாம். பல் விழுந்த தாத்தாவுக்கும் சின்னக் குழந்தைக்கும் இந்தத் துண்டு நல்லது. விதை தொண்டையில் சிக்கும் பயம் இல்லை. ஆனாலும் குழந்தைகளுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் தர வேண்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வெட்டு. பாதிப் பழத்தைக் குப்புறக் கவிழ்த்து, தோலோடு இரண்டு விரல் அகலத்தில் குறுக்கும் நெடுக்கும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் குச்சிபோல, நுனியில் தோலோடு வரும். தோலைப் பிடித்துக்கொண்டு சாப்பிடலாம். சட்டையெல்லாம் சாறாவது குறையும்.

பங்கு வைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தர்பூசணியில் நடுப்பகுதிதான் அதிக இனிப்பு. தோலை நெருங்க நெருங்கச் சப்பென்று ஆகும். எல்லாவற்றையும் சதுரத் துண்டாக்கிப் பாத்திரத்தில் கொட்டினால், முதலில் கைவைப்பவர் நடுத்துண்டுகளைப் பொறுக்கிவிடுவார். கடைசியில் சாப்பிட வரும் வீட்டுப் பெண்ணுக்கு ஓரம்தான் மிஞ்சும். நடுவிலிருந்து தோல்வரை போகும் கீற்றாக வெட்டினால், ஒவ்வொரு கீற்றிலும் இனிப்பு முனை ஒன்று உண்டு. யார் எப்போது வந்தாலும் அவர் பங்கு இனிப்பு அவருக்கு இருக்கும்.

வெட்டு முகத்தில் தெரியும் வயல்

பழம் பிளந்ததும் வீட்டார் முகம் சுளிக்கும் பல விஷயங்களுக்கு விடை வயலில் இருக்கிறது. நடுவில் பிளவு விட்டு வெற்றிடம் தெரிந்தால், அது ஊசி போட்ட அடையாளமில்லை. மகரந்தம் போதாமலோ, நீர்ப் பாய்ச்சல் ஏறுக்குமாறாக இருந்தோ, பழம் திடீரென்று பருத்தோ வரும் பிளவு அது. சதை கெட்டியாக, வாசனை நன்றாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

சதை வெளிறி, விதை வெள்ளையாக இருந்தால், நல்ல விலைக்கு ஆசைப்பட்டு முன்கூட்டியே பறித்தது என்று பொருள். சதை குழைந்து, கண்ணாடிபோல நீர் கோத்திருந்தால் பழம் கடந்துவிட்டது. பழுக்கும் வாழைத்தாரோடு ஒரே அறையில் வைத்தாலும் இந்த நிலை சீக்கிரம் வரும். வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு தர்பூசணிக்கு ஆகாது. வெட்டும்போது நுரை பொங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ, யோசிக்காமல் உரக்குழிக்கு அனுப்ப வேண்டும்.

விவசாயி கவனிக்க வேண்டிய பாடமும் இதிலேயே இருக்கிறது. தர்பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்து போனால்தான் பழம் கோணாமல் நிறைவாகத் திரளும். பூக்கும் பருவத்தில் காலையில் மருந்தடித்தால் தேனீ போய்விடும். பழம் கோணல், உள்ளே பிளவு என்று புழல் வீட்டுக் கத்தியில் அது வெளிப்படும். நீரை விட்டுவிட்டுக் காயப்போடாமல் சீராகக் கொடுப்பதும், அறுவடைக்குச் சில நாள் முன்பு பாசனத்தைக் குறைப்பதும் இனிப்புக்கு உதவும்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்?

முழுப் பழம் அவசரப்படுத்தாது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தாங்கும். அறை வெப்பத்தில் இருக்கும் பழத்தில் லைகோபீன் கூடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். சர்க்கரை கூடாது, நிறமி மட்டும் கூடும். முழுப் பழத்தை நாள்கணக்கில் கடுங்குளிரில் வைத்தால் தோலில் குழி விழும், சுவை குறையும். சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

வெட்டிய பிறகு கதை வேறு. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம் என்பதுதான் வெட்டிய பழம் வெளியில் இருப்பதற்கான எல்லை. சித்திரை வெயிலில் புழலுக்குப் பொருந்துவது இரண்டாவது கணக்கு. மிச்சத்தை மூடிபோட்ட பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாளைக்குள் முடித்துவிடலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பேர் எண்ணிப் பழம் வாங்குவதுதான் வழி. நாலு பேருக்கு எட்டுக் கிலோ பழம் எதற்கு? இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள சிறு ரகங்கள் இப்போது நிறைய வருகின்றன.

துண்டுகளின் மேல் ஐஸ் கட்டி போடும்போதும் கவனம் வேண்டும். மீன் பெட்டிக்கு வரும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது பழத்தின் மேல் படக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததுதான் சரி.

பரிமாறச் சர்க்கரை தேவையே இல்லை. ஒரு சிட்டிகை உப்பும் மிளகுத்தூளும் தூவினால் சப்பென்ற பழமும் எடுபடும். உப்பைச் சாப்பிடும் நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்பே தூவினால் துண்டு நீர் விட்டுத் துவண்டுவிடும். எலுமிச்சை நாலு சொட்டு, புதினா இரண்டு இலை, கிடைத்தால் நுங்குச் சுளை என்று சேர்த்தால் வெயில் நேரத்து விருந்தாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாறாக்காமல் ஒரு கிண்ணம் துண்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

தோல் குப்பையா?

புழல் சாலையோரக் கடைகளின் பின்னால் மாலையில் குவியும் தோலைப் பார்த்தால், வாங்கிய எடையில் எவ்வளவு வீணாகிறது என்று தெரியும். பச்சைத் தோலை மெல்லச் சீவிவிட்டால், உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி சுரைக்காய், பூசணிக்காய்க்குக் குறைந்ததில்லை.

பொடியாக நறுக்கிய வெள்ளைப் பகுதி இரண்டு கப், வெந்த பாசிப்பருப்பு அரை கப், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு. காய் வெந்ததும் தேங்காய், சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் கூட்டு தயார். மோர்க்குழம்பிலும் போடலாம். மங்களூர்ப் பக்கத்தில் இதை ஊறவைத்த அரிசியோடு அரைத்துத் தோசையே சுடுகிறார்கள். விதைகளைக் கழுவிக் காயவைத்து, வாணலியில் உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தால் கொறிக்க ஆகும். கலப்பின ரகத்தின் விதையைச் சேர்த்துவைத்து அடுத்த பருவத்துக்கு விதைக்க மட்டும் வேண்டாம். தாய்ப்பழம்போலச் சீராக வராது.

மிச்சமுள்ள தோலுக்கு மாடு, ஆடு இருக்கின்றன. பெரிய துண்டாகப் போட்டால் தொண்டையில் அடைக்கும். சிறிதாக நறுக்கி, வைக்கோலோடு கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அழுகியதைக் கொடுக்கவே கூடாது. அதுவும் முடியாதபோது உரக்குழி. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

விவசாயி கையில் ஒரு கத்தி

அடுத்த வருடமும் ஒரு காணொளி வரலாம். அதை விவசாயியால் தடுக்க முடியாது. அது ஒட்டாத வாடிக்கையாளர்களை உருவாக்க முடியும். சாலையோரத்தில் நேரடியாக விற்பவர்கள் துண்டு விற்பதைக் குறைத்து முழுப் பழத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். முழுப் பழத்தில் ஈ மொய்க்காது, கெடாது, மிச்சமானால் நாளைக்கும் விற்கலாம். ஒரு குடம் சுத்தமான தண்ணீர், தேங்காய் நார், கூர்மையான கத்தி, மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி, ஒரு தம்ளர் இருந்தால் போதும். வாங்க வருபவர் கண்ணெதிரே பழத்தைக் கழுவி, வெட்டி, ஒரு கீற்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிழிந்த சாற்றைத் தம்ளரில் வைத்துக் காட்டலாம். அடித்திட்டைத் திருப்பிக் காட்டி, “மஞ்சளா இருக்கு பாருங்கம்மா, கொடியிலேயே முத்தினது” என்று சொல்லிக் கொடுக்கலாம். அவர் அடுத்த முறை தானே திருப்பிப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்.

பறித்த தேதி, ரகத்தின் பெயர், ஊர்ப்பெயர் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிக் குவியலின் மேல் சாத்தி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. முற்றாத பழத்தை அந்தக் குவியலில் கலக்காமல் இருப்பதுதான் கொஞ்சம் கடினம். ஆனால், வெளிறிய ஒரு பழம் போன வீட்டில், பஞ்சைத் தேடும் கை அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. விலை ஏறியிருக்கும் நாளில் பத்து நாள் பொறுத்துப் பறிப்பவரின் பழத்துக்குத்தான் அந்த வீட்டுக் கத்தி சாட்சி சொல்லும்.